பட்டியலில் இல்லாத கை

விலங்குக்கூடத்துக்கு வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, முதல் நாளிலேயே உங்கள் கையில் ஒரு பட்டியல் தந்திருப்பார்கள். எத்தனை மணிக்கு எதைச் செய்வது, எந்தக் கூட்டை எப்போது மாற்றுவது, எல்லாம் அதில் இருக்கும். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீங்கள் மூன்று வருட அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி, முடித்துச் சான்றிதழோடு வந்தவர்கள். பட்டியலை என்னைவிட நன்றாக வாசிப்பீர்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிராங்பேர்ட்டில் ஒரு மூளை ஆய்வு நிலையத்தின் நிலக்கீழ் மாடியில் கூடு கழுவத் தொடங்கி, பிறகு சுண்டெலிகளைப் பராமரிக்கிற ஆளாகி, போன மாரியில் ஓய்வு பெற்றேன். பட்டியலில் இல்லாத ஒன்றை நான் செய்துவந்ததைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நல்லதென்று நினைத்துச் செய்தது. அதனால்தான் எழுதவேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு போத்தலைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எலிகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் போத்தலின் நுனியில் ஒரு சின்ன உலோகக் குண்டு இருக்கும். எலி நக்கும்போது குண்டு உருண்டு ஒரு துளி வரும். நான் பராமரிப்பு வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், ஒரு கூட்டில் அந்தக் குண்டு இறுகிப்போயிருந்தது. போத்தல் நிறையத் தண்ணீர். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. திங்கட்கிழமை காலை போனபோது இரண்டு எலிகள் சுருண்டு கிடந்தன. ஒன்றைக் காப்பாற்றினோம். மற்றது நான் தூக்கியபோதே விறைத்திருந்தது. அதன் வாய் போத்தலின் பக்கமாகத் திரும்பியிருந்தது.

எங்கள் தலைமைப் பராமரிப்பாளர் ஒரு ஜெர்மன் அம்மா. சத்தம் போடத் தெரியாதவர். படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்து, நடந்ததை எழுதச் சொன்னார். எழுதினேன். அதோடு அது அவருக்கு முடிந்தது. எனக்கு முடியவில்லை.

அடுத்த நாளிலிருந்து, வேலை தொடங்கும் நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போய், ஒவ்வொரு போத்தலையும் எடுத்துக் குண்டை விரலால் அழுத்திப் பார்க்கத் தொடங்கினேன். துளி வந்தால்தான் நெஞ்சுக்குள் ஏதோ இளகும். என் மனுசி என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லுகிற ஒரு கதை உண்டு: "அடுப்பு நிப்பாட்டினதை மூண்டு தரம் பாக்கிற மனுசன், நாலாம் தரம் எஸ்-பான் ரெயில் ஸ்ரேசனிலயிருந்து திரும்பி வந்து பாக்கும்." உண்மைதான். கவலை எனக்குத் தொழில் மாதிரி. அப்படிப்பட்டவனை எலிகளோடு விட்டால் வேறென்ன செய்வான்?

இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. பட்டியலில் இல்லாத வேலையை எந்தப் பெட்டிக்குள் எழுதுவது? குறைவாகச் செய்தால்தான் குற்றம், கூடச் செய்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

பல வருடம் இப்படிப் போனது. நான் ஓய்வுபெற மூன்று வருடம் இருக்கும்போது தேன்மொழி வந்தாள். திண்டுக்கல் பக்கத்துப் பிள்ளை, முனைவர் பட்டத்துக்கு வந்தவள். அந்தக் கட்டடத்தில் நான் முதன்முதலாகத் தமிழில் கதைத்தது அவளோடுதான். மின்தூக்கிக்குள் என் கையிலிருந்த குடையைப் பார்த்துவிட்டு,

"வெளிய வெயில் கொளுத்துது, குடை எதுக்கு அங்கிள்?" என்றாள்.

"இந்த நாட்டு வெயிலை நம்பேலாது பிள்ளை."

"வெயிலை நம்பமாட்டீங்க, சரி. வெதர் ஆப் பாத்தீங்களா?"

"அதையும் நம்பேலாது."

அன்றிலிருந்து அவள் என்னை அங்கிள் என்றாள், நான் அவளைப் பிள்ளை என்றேன். அவளுக்கென்று பதினெட்டுக் கூடுகள் தனித் தட்டில் வைத்திருந்தோம். மற்றவர்களுடைய கூடுகளில் போத்தலை மட்டும் பார்த்த நான், அவளுடையதில் மூடியையும் திறந்தேன். ஒவ்வொரு எலியையும் வாலின் அடியில் பிடித்துத் தூக்கி, முதுகுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தேன். உடலில் தண்ணீர் குறைந்தால் கிள்ளிய தோல் உடனே படியாது, மடிந்தே நிற்கும். விலங்கு மருத்துவர் ஒருவர் ஒருமுறை காட்டித் தந்தது. நோய்ப்பட்ட எலிக்குச் செய்கிற சோதனை. நான் அதை நல்ல எலிகளுக்குத் தினமும் செய்தேன். நம்முடைய பிள்ளை, இவ்வளவு தூரம் தனியாக வந்திருக்கிறாள், அவளுடைய வேலை என் கையால் கெட்டுவிடக்கூடாது. இதுதான் என் நினைப்பு.

அவளுடைய ஆய்வு என்னவென்று ஒருநாள் தேநீர் குடிக்கும்போது சொன்னாள்.

"மூளைக்கு நடுவுல ஒரு செல் கூட்டம் இருக்கு அங்கிள். டோபமைன் அனுப்புறது அதுங்கதான். நமக்கு ஒண்ணு வேணும்னு ஆசையே வர்றதுக்கு அதுங்க வேணும். சும்மா இருக்கும்போது கடிகாரம் மாதிரி டிக், டிக்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். ஸ்ட்ரெஸ் வந்தா மூளை ஒரு பெப்டைட் சுரக்கும். அது அந்த செல் மேல பட்டா டிக் டிக் வேகமாகணும்."

"பெப்டைட் எண்டால்?"

"குட்டிப் புரதத் துண்டு. ஒரு செல் இன்னொண்ணுக்கு அனுப்புற சேதின்னு வெச்சுக்கோங்க. பயப்படு, உஷாரா இருன்னு."

"அப்ப எனக்கு அது கொஞ்சம் கூடச் சுரக்குது போல."

"கொஞ்சமா? உங்களுக்குத் தொட்டி கட்டியே வெச்சிருக்காங்க அங்கிள்."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. எட்டு மாதமாக அவளுடைய செல்கள் வேகமாகவே இல்லை. எலியின் நடுமூளையிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, அதை உயிரோடு வைத்து, கண்ணாடி ஊசியால் ஒரு செல்லைத் தொட்டு, அதன் துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்பாள். பெப்டைட்டை ஊற்றுவாள். துடிப்பு மாறாது. வேறு இடங்களில் மாறுகிறது, அவளிடம் மாறவில்லை. ஏழு கிழமையில் பேராசிரியரோடு ஒரு டெர்மின், ஆய்வைப் பற்றிய சந்திப்பு. அதற்குள் ஒன்றும் வராவிட்டால் இந்த ஆய்வை மூடிவிடுவார்கள். ஒப்பந்தத்தை நீட்டமாட்டார்கள். ஒப்பந்தம் போனால் அவள் ஊருக்குத் திரும்பவேண்டியதுதான்.

அதைக் கேட்ட பிறகு அவளுடைய எலிகளை நான் காலையில் ஒரு தரமும் மதியம் ஒரு தரமும் பார்க்கத் தொடங்கினேன்.

அந்த வாரமே எனக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்கு நாள் வந்தது. மூன்று கிழமை வீட்டில். என் இடத்துக்கு வேறு பகுதியிலிருந்து ஓர் ஆளைப் போட்டார்கள். பட்டியலில் உள்ளதைச் செய்துவிட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போகிற மனிதர். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு போத்தல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் கிழமை தேன்மொழி தொலைபேசி எடுத்தாள்.

"அங்கிள், வந்துடுச்சு! எல்லா செல்லும் வேகமாகுது! புது பாட்டில் பெப்டைட் வாங்கினேன்ல, அதான். பழசு மொத்தமும் கெட்டுப்போன சரக்கு. எட்டு மாசம் என்னை ஏமாத்தியிருக்கு!"

நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். மனுசி பாயாசம் வைத்தாள்.

திரும்பி வேலைக்குப் போன முதல் நாள் அவளுடைய தட்டில் ஒரு கூட்டை இழுத்தேன். எலிகள் பஞ்சுக்கூட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. இழுத்த சத்தத்துக்கு ஒன்று மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தது. என்ன இது, சோர்ந்துபோயிருக்கின்றனவோ என்று பயந்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் கிள்ளிப் பார்த்தேன். எல்லாம் நல்லாயிருந்தன.

நாலாம் நாள், நான் தட்டில் கை வைத்ததும் கூட்டுக்குள் எல்லாம் மூலைக்கு ஓடின. தூக்கிய எலி என் கையுறையில் எச்சம் போட்டது. இதெல்லாம் எனக்குப் பழக்கமான காட்சி. எலி என்றால் இப்படித்தான் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஆனால் முதல் நாள் தூங்கிய எலிகளைப் பார்த்துவிட்டேனே.

அடுத்த கிழமை தேன்மொழி கீழே வந்தாள். முகம் வற்றியிருந்தது.

"திரும்பப் போச்சு அங்கிள். ஒரு செல் கூட வேகமாகல. புது பாட்டிலும் ஃப்ரீசர்ல கெட்டுடுச்சுபோல. கம்பெனிக்கு எழுதப்போறேன். பழைய டேட்டா முழுக்கக் குப்பைல போடவேண்டியதுதான்."

குப்பை என்று அவள் சொன்னது என் காதிலேயே நின்றது. அந்த எட்டு மாதத்து எலிகள் எல்லாவற்றையும் நான் தூக்கியிருக்கிறேன். ஒன்றும் உயிரோடு இல்லை.

கூட்டறைக் கதவில் ஒரு தாள் தொங்கும். ஒவ்வொரு நாளும் வேலை செய்தவர் தன் முதலெழுத்தைப் போடுவார். அவள் போன பிறகு அந்தத் தாள்களைப் புரட்டினேன். என் எழுத்து, என் எழுத்து, என் எழுத்து. பிறகு மூன்று கிழமை வேறு எழுத்து. பிறகு திரும்பவும் என் எழுத்து. அவளுடைய செல்கள் வேகமான நாட்கள் எவை என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. பயத்தில் சுரக்கிற பெப்டைட்டைப் பற்றி அவள் சொன்னதும் நினைவுக்கு வந்தது. விடியற்காலமே பயந்துபோன மூளைக்கு, பிறகு மேலே கொண்டுபோய் அதே பயத்தின் சேதியை ஊற்றினால் அது ஏன் கேட்கப்போகிறது? நான் படிக்காதவன். ஆனால் கத்தியே பழகிய வீட்டில் ஒரு சத்தம் கூடினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். இனித்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த விசயம்.

அந்த நேரத்தில் என் முன்னால் மிகவும் இலகுவான ஒரு வழி இருந்தது. ஒன்றும் சொல்லாமல் கையை எடுத்துவிடுவது. நாளையிலிருந்து கிள்ளாமல் விட்டால், ஒரு கிழமையில் எலிகள் அமைதியாகும், செல்கள் வேகமாகும், பிள்ளை டெர்மினுக்குச் சிரித்துக்கொண்டு போவாள். பெப்டைட் கெட்டது என்று எழுதுவாள். எனக்கு ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம். யாருக்கு நட்டம்?

மனுசியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நீங்கள் சொல்லாட்டி ஆருக்குத் தெரியப்போகுது?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"பிள்ளைக்கும் நல்லதுதானே?"

"ஓம்."

களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பிறகு ஏன் மூண்டு நாளா ஒண்டும் சாப்பிடுறியள் இல்லை?" என்றாள்.

சாப்பிட முடியவில்லை. அவள் எழுதப்போவது பிழை என்று தெரிந்த ஒரே ஆள் நான். அந்த எட்டு மாதக் கணக்கு குப்பையே இல்லை. பயந்த மூளை எப்படி நடந்துகொள்கிறது என்று அந்த எலிகள் ஒவ்வொன்றும் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன. நான் வாயை மூடினால் அவை செத்தது ஒன்றுமில்லாமல் போகும். கவலைப்படுகிறவனுக்கு ஒரு நன்மை உண்டு. அவனால் ஒரு பொய்யோடு நிம்மதியாக இருக்க ஏலாது.

டெர்மினுக்குப் பதினொரு நாள் இருந்தது. கூடு கழுவுகிற அறைக்கு அவளை வரச் சொன்னேன்.

"பிள்ளை, உங்களோட ஒண்டு கதைக்கவேணும். பெப்டைட் கெடேல்லை. நான்தான் பிழை."

"என்ன அங்கிள் சொல்றீங்க?"

"நான் ஒவ்வொரு நாளும் உங்கட எலியளைத் தூக்கிக் கிள்ளிப் பாத்தனான். தண்ணி காணுதோ எண்டு. உங்கட எலியளை மட்டும். நான் வீட்டில நிண்ட மூண்டு கிழமையும் ஒருத்தரும் தொடேல்லை."

அவள் உடனே கோபப்படவில்லை. முதலில் கணக்குப் போட்டாள். கண் எங்கோ போய்த் திரும்பியது. பிறகு முகம் மாறியது.

"தினமுமா?"

"ஓம். கடைசியில ரெண்டு தரம்."

"லிஸ்ட்ல இருக்கா அது?"

"இல்லை."

"அப்புறம் யார் அங்கிள் உங்களைப் பண்ணச் சொன்னது? எட்டு மாசம்! நான் தண்ணிய மாத்தினேன், உப்ப மாத்தினேன், ஊசிய மாத்தினேன், எனக்கே எதுவும் வரலைன்னு பாத்ரூம்ல உக்காந்து அழுதேன். நீங்க தினம் என்கிட்ட 'சாப்பிட்டீங்களா பிள்ளை'ன்னு கேட்டீங்க. இதை ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொல்லவேண்டிய விசயம் எண்டு தெரியேல்லை."

"நல்லது பண்றேன்னு நெனச்சீங்களா?"

ஓம் என்று சொல்ல வெட்கமாயிருந்தது. அவள் கதவைத் திறந்து போய்விட்டாள். அந்தக் கதவு தானாக மெதுவாக மூடுகிற கதவு. அது மூடி முடியும்வரை நின்றேன்.

பிறகு தலைமைப் பராமரிப்பாளரிடம் போனேன். அதே படிவம், அதே மேசை. எழுதி முடித்ததும் அவர் நெடுநேரம் வாசித்தார். எழுத்தில் ஓர் எச்சரிக்கை வரும் என்றார். அது நியாயம். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "அந்த ஒரு போத்தலை இத்தனை வருடமாகத் தனியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய். என்னிடம் சொல்லியிருந்தால் இரண்டு பேருமாகப் பார்த்திருப்போம்."

அடுத்த மாதம் பழைய போத்தல்கள் எல்லாவற்றையும் மாற்றினார். நான் பயப்படுகிறேன் என்று பத்து வருடத்துக்கு முன்பு ஒரு வசனம் சொல்லியிருந்தால், அன்றைக்கே மாற்றியிருப்பார்.

தேன்மொழி டெர்மினில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை, என் கையைச் சொன்னாள். பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: இதை நிரூபிக்க முடியுமா? ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டினார்கள். எலிகளைத் தொடாமல் விடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதை உடனே தொடங்கினோம். வேண்டுமென்று கிள்ளுவதற்கு அரசாங்க அலுவலகத்துக்கு அந்த்ராக் என்கிற விண்ணப்பம் எழுதி, அனுமதி வரக் காத்திருக்கவேண்டும். நான் அத்தனை நாளும் சும்மா செய்ததைச் செய்வதற்கு எத்தனை பக்கம் எழுதவேண்டியிருந்தது என்று அப்போதுதான் பார்த்தேன்.

அனுமதி வந்த பிறகு அவள் கீழே வந்தாள். அந்த மாதங்களில் எங்களுக்குள் வணக்கம் மட்டுந்தான் இருந்தது.

"ஒன்பது கூடு சும்மா இருக்கணும். ஒன்பது கூட்டுக்கு முன்ன பண்ணின மாதிரியே பண்ணணும். நீங்கதான் பண்ணணும்."

"வேற ஆளைப் போடுங்கோ பிள்ளை. என்னால ஏலாது."

"வேற ஆள் பண்ணா அது வேற கை அங்கிள்."

செய்தேன். தினமும் காலை, ஒன்பது கூடு. எதற்கென்று தெரிந்து செய்தபோது விரல் கூசியது. ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதிக் கையெழுத்து வைத்தேன். பக்கத்து ஒன்பது கூடுகளை நான் திரும்பியும் பார்க்கவில்லை. அதுதான் எனக்குக் கடினமாயிருந்தது. தண்ணீர் இருக்குமோ, இருக்குமோ என்று மனம் அரித்தபடியே நிற்பேன். போத்தல் புதியது, மட்டம் இறங்குவது வெளியிலிருந்தே தெரிகிறது, கையைக் கட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஒருநாள் மத்தியானம் அவள் என்னை மேலே கூப்பிட்டாள். இத்தனை வருடத்தில் அந்த அறைக்குள் நான் போனதே இல்லை. ஒரு கதிரையைக் காட்டினாள். ஒலிபெருக்கியைத் திருப்பினாள்.

டிக். டிக். டிக். ஆறுதலான துடிப்பு. யாரோ பக்கத்து அறையில் விரலால் மேசையைத் தட்டுவதுபோல.

"இது தொடாத கூடு," என்றாள். பெப்டைட்டை விட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு துடிப்பு நெருங்கியது, இன்னும் நெருங்கியது, மழை பிடிப்பதுபோல ஓடியது.

பிறகு இன்னொரு சீவல். அதே டிக், டிக். அதே பெப்டைட். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். ஒன்றும் மாறவில்லை. அதே இடைவெளி, அதே சத்தம். அந்த எட்டு மாதமும் என் கை செய்ததை அன்றுதான் என் காது கேட்டது.

அவள் ஆய்வை முடித்துவிட்டாள். அவளுக்கு முன்பு அங்கே வேலை செய்த மற்றவர்களுடைய ஆய்வுகளில் என் விரல் எங்கெங்கே பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. போத்தலை மட்டும்தான் தொட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எழுதிவைக்கவில்லை, ஆகையால் யாராலும் கண்டுபிடிக்க ஏலாது. இந்தக் கவலைக்கு மருந்தில்லை, நான் கேட்கவும் இல்லை.

உங்கள் கதவுத் தாளில் கடைசியில் ஒரு வெற்றுக் கட்டம் இருக்கும். குறிப்புகளுக்கென்று விட்டது. பெரும்பாலும் ஒருவரும் அதில் எழுதுவதில்லை. பட்டியலில் இல்லாத எதையாவது உங்கள் கை செய்தால், அது எவ்வளவு நல்ல காரியமாக இருந்தாலும், அங்கே எழுதுங்கள். நான் வேலையை விட்டு வந்த கடைசி நாள் அந்தக் கட்டத்தில் எழுதியது இன்னும் அங்கே எங்காவது கோப்பில் இருக்கும்: "கூடு 14. தண்ணீர் இல்லையோ என்று பயமாயிருந்தது. திறக்கவில்லை."